வீட்டு ஃபைலை யார் பார்ப்பார்கள்?

2023 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எஸ்டேட் ஏஜென்ட் போன் எடுத்தார். லண்டன் ஹரோவில் இருந்த எங்கள் இரண்டு அறை ஃப்ளாட்டை வாங்கவிருந்த பெண் விலகிவிட்டார் என்றார். சர்வே முடிந்து, விலை பேசி முடிந்து, நாங்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்த நேரம். ஏன் என்று கேட்டேன். "உங்கள் கிரவுண்ட் ரென்ட்தான். அவருடைய பேங்க் கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டது."

ஃப்ளாட் வாங்கிய நாள் முதல் நிலத்தின் சொந்தக்காரருக்கு வருடத்துக்கு 500 பவுண்டு கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) கட்டி வந்தோம். அது மாறாத தொகை என்றே நினைத்திருந்தேன். அன்றிரவு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய ஃபைலை இறக்கி, 2016-ல் வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்த்த எங்கள் கன்வேயன்சர் அனுப்பிய அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். 34 பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. லீஸ், அதாவது ஃப்ளாட்டின் நீண்டகாலக் குத்தகை, தொடங்கிய 2006-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை கிரவுண்ட் ரென்ட் இரட்டிப்பாகும். 250 பவுண்டில் தொடங்கி, நாங்கள் வாங்கிய வருடம் 500 ஆகி, 2026-ல் 1000, 2036-ல் 2000 என்று ஏறிக்கொண்டே போகும். கடைசிப் பக்கத்தில், வாசித்து விளங்கிக்கொண்டோம் என்பதற்குக் கீழே என் கையெழுத்தும் என் கணவருடைய கையெழுத்தும் இருந்தன.

அந்த அறிக்கை எங்கள் கைக்கு வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்ன திகதிக்கு இரண்டு நாள் முன்பு. அந்த ஒரு வரியை யாரும் போனில் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்போம், லீஸைத் திருத்தித் தந்தால்தான் வாங்குவோம் என்றிருப்போம், அல்லது வேறு ஃப்ளாட் பார்த்திருப்போம். மூன்றில் ஒன்றைச் செய்ய எங்களுக்கு அன்று நேரம் இருந்தது. 2023-ல் அது இல்லை.

இங்கிலாந்தில் வீடு வாங்கவோ விற்கவோ ஒரு சொலிசிட்டரையோ கன்வேயன்சரையோ தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு எடுப்பார் என்பதை. நானும் அதைத்தான் கேட்டேன். எங்கள் ஃபைலைத் திறந்து வாசிக்கப்போகிற ஆள் யார், அந்த ஆளோடு எனக்குக் கதைக்க முடியுமா என்பதைக் கேட்கவேயில்லை. அதைக் கேட்காததால் வந்ததையும், பிறகு கேட்டதால் தப்பியதையும் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் எனக்குத் தெரிந்த முறை வேறு. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினால் நொத்தாரிசிடம் போவோம். வாங்குபவரும் விற்பவரும் ஒரே நொத்தாரிசு முன்னால் உட்கார்ந்து, இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிப்பார்கள். பல நேரம் அந்தக் காணியின் பழைய உறுதியை எழுதியவரும் அவராகவோ அவருடைய தகப்பனாகவோ இருப்பார். எல்லை எங்கே, பாதை யாருடையது, கிணற்றில் எத்தனை பங்கு என்று அவருக்கு முதலே தெரியும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்ததால், வீட்டு வேலை பார்க்கிற சொலிசிட்டர் என்றால் எல்லாம் அறிந்த ஒருவர் என்று எண்ணிவிட்டேன். இங்கே அவர் வீட்டைக் கண்ணால் கூடப் பார்ப்பதில்லை. விற்பவருக்கு ஒருவர், வாங்குபவருக்கு ஒருவர். வாங்குபவரின் ஆள் கேட்காத கேள்விக்குப் பதில் தானாக வராது. கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகி, அதாவது இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டு, பத்து வீதம் டெபாசிட் கட்டிய பிறகு ஒரு குறை தெரியவந்து விலகினால் அந்தக் காசு போனதுதான். ஆகவே அதற்கு முன்னால் கேள்வி கேட்பதற்காகத்தான் நாங்கள் ஒருவருக்குக் காசு கொடுக்கிறோம்.

2016-ல் நாங்கள் ஆளைத் தெரிவு செய்யவில்லை. எஸ்டேட் ஏஜென்ட் தெரிவு செய்து தந்தார். "எங்களோடு வழக்கமாக வேலை செய்கிறவர்கள், சீக்கிரம் முடியும்" என்றார். கட்டணம் 499 பவுண்டும் வாட் வரியும். நண்பர்கள் சொன்ன தொகைகளில் பாதிதான். இன்னொரு ஊரில் பெரிய அலுவலகம், எல்லாம் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வந்த கடிதக் கட்டில், எங்களை அனுப்பியதற்காக ஏஜென்டுக்கு அவர்கள் இவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு கொடுக்கல் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது விதி, அவர்கள் மறைக்கவில்லை. நான்தான் அதன் அர்த்தத்தை யோசிக்கவில்லை. 499 பவுண்டிலிருந்து ஒரு பங்கு ஏஜென்டுக்குப் போனால், மீதியில் எங்கள் ஃபைலுக்கு ஒருவர் எத்தனை மணித்தியாலம் செலவழிக்க முடியும்? ஏஜென்டுக்கு விற்பனை முடிந்தால்தான் கமிஷன். விற்பனையை நிறுத்தக்கூடிய கேள்விகளைக் கேட்க வேண்டிய ஆளை அவரே எனக்குக் காட்டித் தந்திருக்கிறார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. லீஸ்ஹோல்ட் என்பதால் மேலதிகக் கட்டணம். மோட்கேஜ் இருப்பதால் ஒன்று. அக்கா கனடாவிலிருந்து தந்த காசு அன்பளிப்பு என்பதால் ஒன்று. பேங்க் மூலம் பணம் அனுப்ப ஒன்று, அடையாளம் சரிபார்க்க ஒன்று, ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) படிவம் நிரப்ப ஒன்று. கடைசி பில்லில், தேடுதல் (கவுன்சில், தண்ணீர் கம்பெனி போன்றவர்களிடம் வீட்டைப் பற்றிய பதிவுகளைக் கேட்டு வாங்குவது) செலவுகளைத் தவிர, அவர்களுடைய கட்டணம் மட்டும் 1,310 பவுண்டு. அந்தத் தொகைக்கு எங்கள் தெருமுனையில் இருந்த சொலிசிட்டரே வேலையைச் செய்திருப்பார்.

காசை விட என்னை வருத்தியது ஆட்கள் மாறியது. தொடங்கியவர் ஆறாவது வாரம் வேலையை விட்டுப் போனார். அடுத்தவர் மூன்று வாரம். மூன்றாவது ஆளின் பெயரை இமெயிலில் மட்டும்தான் கண்டேன். போன் எடுத்தால் ஒரு பொது இலக்கம், காத்திருக்கும் இசை, "குறிப்பு எழுதி வைக்கிறேன்" என்கிற ஒரு குரல். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கதை சொன்னேன்.

அதற்குள் சீட்டுக் காசு பிரச்சினையானது. எங்கள் டெபாசிட்டில் 18,000 பவுண்டு சீட்டு எடுத்த காசு. நம்மவர்கள் மத்தியில் சீட்டு எப்படி ஓடுகிறது என்று நான் விளக்கத் தேவையில்லை. இருபது பேர், மாதாமாதம், நம்பிக்கையில் நடக்கிறது, ஒரு கொப்பியில் எழுதியிருக்கும். எங்களுக்கு அது கையில் காசாக வந்தது, இரண்டு தடவையாக பேங்கில் போட்டோம். பதின்மூன்றாவது வாரம், எக்ஸ்சேஞ்சுக்குத் தயாராகும்போது, மூன்றாவது ஆள் கேட்கிறார்: இந்த இரண்டு பெரிய தொகையும் எங்கிருந்து வந்தன? கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சட்டப்படி அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டது சரி. பதின்மூன்று வாரம் கழித்துக் கேட்டதுதான் பிழை. சீட்டை நடத்திய பெண்ணிடம் கடிதம் வாங்கி, கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து, எங்கள் ஐந்து வருட பேங்க் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் எடுத்த 900 பவுண்டைக் கோடிட்டுக் காட்டி, ஒருவழியாக ஏற்றுக்கொள்ள வைக்க ஐந்து வாரம் போனது. மோட்கேஜ் ஆஃபர் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது எக்ஸ்சேஞ்ச் செய்தோம். அந்த அவசரத்தில்தான் 34 பக்க அறிக்கை இரண்டு நாள் முன்பு வந்து, நாங்களும் கையெழுத்துப் போட்டோம்.

வீடு வாங்குகிற எண்ணம் இருந்தால், சீட்டுக் காசைக் கையில் வாங்காதீர்கள், பேங்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டுகிற காசையும் பேங்கிலிருந்தே அனுப்புங்கள். உறவினர் தருகிற காசு உண்டியலில், அதாவது பேங்க் இல்லாமல் ஆட்கள் மூலம், வந்தால் அதற்கு எந்தத் தடயமும் இல்லை. சொலிசிட்டர் அதைத் தொட மாட்டார். அக்காவின் காசு கனடா பேங்கிலிருந்து நேரே வந்ததால், ஒரு கடிதமும் அவருடைய பாஸ்போர்ட் பிரதியும் போதுமாக இருந்தன. இதையெல்லாம் முதல் நாளே சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். நல்லவர் என்றால் அவரே முதல் நாள் கேட்பார்.

இனி 2023-க்கு வருகிறேன். வாங்க வந்தவர் விலகிய பிறகு, என் கணவர் "ஃப்ளாட்டை விற்கவும் அடுத்த வீட்டை வாங்கவும் இந்த முறை நாங்களே ஆளைத் தேடுவோம்" என்றார். நான்கு அலுவலகங்களின் இலக்கங்களை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு நாள் போன் எடுத்தேன்.

எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தேன். வீட்டு வேலை செய்கிறவர்கள் இங்கே பெரும்பாலும் இரண்டு வகை. சொலிசிட்டர்களை எஸ்.ஆர்.ஏ. என்கிற சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதாரிட்டி மேற்பார்வை செய்கிறது. லைசென்ஸ்ட் கன்வேயன்சர்கள் சொத்து வேலைக்கென்றே பயிற்சி எடுத்தவர்கள்; அவர்களுக்கு சி.எல்.சி. என்று தனி அமைப்பு. இரண்டு அமைப்பின் இணையத் தளத்திலும் பெயரைப் போட்டுத் தேடலாம், ஐந்து நிமிட வேலை. சொலிசிட்டர் பெரியவர், கன்வேயன்சர் சின்னவர் என்று நம்மவர்கள் நினைப்பது சரியில்லை. லீஸ், வேலி, வடிகால் இவற்றையே பத்து வருடமாகப் பார்க்கிற கன்வேயன்சர், வருடத்துக்கு நான்கு வீடு மட்டும் பார்க்கிற சொலிசிட்டரை விட எனக்கு மேல். ஆனால் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற அலுவலகத்துக்குள் இருந்து ஃபைலைப் பார்க்கிற, தான் தகுதி பெறாத உதவியாளர். அதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை, ஒருவர் மேற்பார்வை செய்தால் சரி. அந்த மேற்பார்வை எவ்வளவு என்பதுதான் தெரியவேண்டியது.

முதல் அலுவலகம் 895 பவுண்டு என்றது. ஃபைலை யார் பார்ப்பார் என்று கேட்டேன். "எங்கள் டீம்" என்றார்கள். டீமில் யார் என்றேன். "ஃபைல் திறந்த பிறகுதான் ஒதுக்குவோம்." நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது, எங்கள் கோயிலில் பழக்கமான ஒருவர் சொன்ன தமிழ் சொலிசிட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொழி ஒரு பெரிய உதவி. அம்மா அப்பாவின் காசு சேர்கிற வீட்டில், அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் அதற்கு விலை இல்லை. அந்தச் சொலிசிட்டர் கெட்டிக்காரர் என்று பிறகும் கேள்விப்பட்டேன். ஆனால் நான் லீஸ் பற்றிக் கேட்டதும், தான் அதிகம் செய்வது குடிவரவு வழக்குகள் என்று அவரே நேர்மையாகச் சொன்னார். "நம்மட ஆள்" என்பதற்காக மட்டும் ஒருவரிடம் போகிறவர்கள், அவருடைய வேலையில் வீடு எவ்வளவு என்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்றும் நம்மவர்கள் செய்கிறார்கள். விற்பவரும் தெரிந்தவர், வாங்குபவரும் தெரிந்தவர், ஆகவே செலவைக் குறைக்க இரண்டு பேருக்கும் ஒரே சொலிசிட்டர் பார்க்கட்டும் என்று கேட்பார்கள். கேட்காதீர்கள். விற்பவர் சொல்ல விரும்பாததை வாங்குபவருக்காகத் தோண்ட வேண்டியவர் அவர். ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருந்தால் யாருக்காகத் தோண்டுவார்?

மூன்றாவது அலுவலகத்தில் ஒரு பெண் பேசினார். ஐம்பது வயதிருக்கும் என்று குரல் சொன்னது. 1,450 பவுண்டும் வாட்டும் என்றார், பிறகு "இதற்கு மேல் வரக்கூடியவை" என்று ஒவ்வொன்றாக வாசித்தார். சொலிசிட்டர் அலுவலகங்கள் வீட்டு வேலைக்கான விலையைத் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்று 2018 டிசம்பரிலிருந்து எஸ்.ஆர்.ஏ. விதி இருக்கிறது, அவர் வாசித்ததும் தளத்தில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. ஃபைலை யார் பார்ப்பார் என்று கேட்டேன். "நான்தான். நான் லீவில் போனால் என் அலுவலகப் பார்ட்னர் பார்ப்பார், அவருடைய பெயரும் கடிதத்தில் இருக்கும்." ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபிக்காமல் ஒரு எண்ணைச் சொல்லி, "அதற்கு மேல் எடுத்தால் என்னால் வாசிக்க முடியாது" என்றார். வாசிக்க முடியாது என்ற அந்தச் சொல்லில்தான் நான் முடிவெடுத்தேன். நான்காவது அலுவலகத்துக்குப் போன் எடுக்கவில்லை.

அவரிடம் நான் கேட்காமலே அவர் கேட்டவை இவை: எந்த பேங்கில் மோட்கேஜ் எடுக்கப் போகிறீர்கள்? அந்த பேங்கின் பட்டியலில் எங்கள் அலுவலகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் பேங்குக்குத் தனியாக ஒரு சொலிசிட்டர் வைத்து அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும். டெபாசிட் எங்கிருந்து வருகிறது? யாராவது காசு தருகிறார்களா? லீஸ் பிரதி கையில் இருக்கிறதா, இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள். விற்பனை முறிந்தால் தன் கட்டணம் வேண்டாம், ஆனால் தேடுதல்களுக்குக் கட்டிய காசு திரும்பாது என்பதையும் அவரே சொன்னார்.

லீஸை வாசித்துவிட்டு இரண்டு நாளில் போன் எடுத்தார். 2022 ஜூன் 30-லிருந்து எழுதப்படும் புதிய நீண்டகால லீஸ்களில், சில விதிவிலக்குகள் தவிர, கிரவுண்ட் ரென்ட் வாங்க முடியாது என்று சட்டம் வந்துவிட்டது, ஆனால் பழைய லீஸுக்கு அது பொருந்தாது என்று விளக்கினார். கிரவுண்ட் ரென்ட் வீட்டின் விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பல பேங்குகள் பின்வாங்குகின்றன. எங்கள் ஃப்ளாட் 3,65,000 பவுண்டு. 365-ஐத் தாண்டக்கூடாது, நாங்கள் கட்டுவதோ 500. இரண்டு வழி இருந்தது. 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லீஸை 90 வருடம் நீட்டிக் கேட்கலாம். அப்போது கிரவுண்ட் ரென்டும் இல்லாமல் போகும், நிலச் சொந்தக்காரர் மறுக்க முடியாது, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். மற்றது, அவரோடு பேசி, கிரவுண்ட் ரென்டைக் குறைத்து அந்த இரட்டிப்பு விதியையும் திருத்தி எழுதுவது. அது அவர் சம்மதித்தால்தான். அவர் சம்மதித்தார், 7,000 பவுண்டுக்கு. அவருடைய வக்கீல் செலவும் எங்களுக்கு. பதினொரு வாரம் எடுத்தது. அடுத்து வந்தவருக்கு ஃப்ளாட்டை விற்றோம்.

பழைய அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். அறிக்கையில் சொல்லியிருக்கிறோம், கையெழுத்து இருக்கிறது என்று பதில் வந்தது. முதலில் அலுவலகத்துக்கே முறையிட வேண்டும், எட்டு வாரத்துக்குள் தீரவில்லையென்றால் சட்ட வேலை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கிற லீகல் ஓம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். நாங்கள் போகவில்லை, புதிய வீடு, பிள்ளையின் பரீட்சை, உடம்பில் தெம்பில்லை. போயிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் நாளைக் கடத்தாதீர்கள், அதற்குக் காலக்கெடு இருக்கிறது.

ஃப்ளாட்டை விற்ற கையோடு வாங்கிய வீட்டில்தான் அந்தப் பெண்ணின் அருமை முழுதாகத் தெரிந்தது. விற்பவர் நிரப்பித் தந்த படிவத்தில் வீட்டில் கட்டட வேலை எதுவும் செய்யவில்லை என்று இருந்தது. அவர் எனக்குச் சொன்னார்: "வீட்டைப் போய்ப் பார்த்தவர்கள் நீங்கள்தான். நான் பார்க்கவில்லை. பின்பக்கத்தையும் மேல்மாடியையும் படம் எடுத்து அனுப்புங்கள்." அனுப்பினோம். குசினி பின்னால் இரண்டு மீற்றர் நீட்டப்பட்டிருந்தது. தண்ணீர் கம்பெனியின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பொது வடிகால் குழாய் சரியாக அந்த நீட்டின பகுதிக்குக் கீழே ஓடியது. அதன் மேல் கட்ட தண்ணீர் கம்பெனியின் அனுமதி வேண்டும். அனுமதியும் இல்லை, கவுன்சிலின் கட்டட முடிவுச் சான்றிதழும் இல்லை.

நான் உடனே கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் கேட்கலாம் என்று கிளம்பினேன். "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்றார். இப்படியான குறைக்கு ஒரு காப்புறுதி எடுக்கலாம், ஆனால் கவுன்சிலுக்கோ தண்ணீர் கம்பெனிக்கோ விஷயம் தெரிந்துவிட்டால் அந்தக் காப்புறுதி கிடைக்காமல் போகலாம். அவர் காப்புறுதியோடு நிற்கவும் இல்லை. அது காசுக்குத்தான் பாதுகாப்பு, சுவருக்கு அல்ல என்று சொல்லி, சர்வேயரைத் திரும்ப அனுப்பி, குழாய்க்குள் கமரா விட்டுப் பார்க்க வைத்தார். குழாய் நன்றாக இருந்தது. காப்புறுதிச் செலவை விற்பவர் ஏற்றார். இதெல்லாம் முடிய நான்கு வாரம் கூடுதலாகப் போனது; அந்த நான்கு வாரமும் ஏஜென்ட் எனக்குத் தினமும் போன் எடுத்து "உங்கள் சொலிசிட்டர் மெதுவாக வேலை செய்கிறார்" என்றார். மெதுவாக வேலை செய்கிறவருக்கும் வாசித்து வேலை செய்கிறவருக்கும் வித்தியாசம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. என்ன கேள்விக்குக் காத்திருக்கிறீர்கள் என்று சொலிசிட்டரிடமே கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில் வந்தால் அவர் வாசிக்கிறார்.

வேறு இரண்டு விஷயங்களை அவர் முதல் நாளே சொல்லி வைத்தார். தன்னுடைய பேங்க் கணக்கு இலக்கம் ஒருபோதும் இமெயிலில் மாறாது. மாறிவிட்டது என்று இமெயில் வந்தால் அது திருடன் அனுப்பியது, கடிதத்தில் இருக்கிற இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்காமல் ஒரு பவுண்டும் அனுப்பக்கூடாது. மற்றது, குடிபோகிற நாளை வெள்ளிக்கிழமை வைக்க வேண்டாம். எல்லோரும் வெள்ளிக்கிழமையையே கேட்பதால் அன்று பேங்குகளில் நெரிசல், பணம் பின்னேரம் வரை வராவிட்டால் திங்கள் வரை லொறியில் சாமானோடு நிற்க வேண்டும். நாங்கள் புதன்கிழமை போனோம். பகல் பன்னிரண்டரைக்குத் திறப்பு கையில்.

போன வருடம், 2025-ல், தம்பி வீடு வாங்கினான். 4,50,000 பவுண்டு. அவனுக்கும் கல்யாணம் முடிந்து முதல் வீடு. இணையத்தில் மலிவாகப் பிடித்த ஒரு அலுவலகத்தின் படிவத்தில், முதல் தடவை வாங்குகிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டுவிட்டு, ஸ்டாம்ப் டியூட்டி 7,500 பவுண்டு என்று கணக்கு வைத்திருந்தான். அவர்கள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் பிடிவாதம் பிடித்து என் சொலிசிட்டரோடு கதைக்க வைத்தேன். அவர் கேட்ட மூன்றாவது கேள்வி: "உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது இலங்கையில் வீடு இருக்கிறதா?"

இருந்தது. தம்பியின் மனைவிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த கொக்குவில் வீடு. அவளுடைய அம்மா அப்பா அதில் இருக்கிறார்கள், ஒரு சதம் வாடகை கிடையாது, ஆனால் உறுதி அவள் பேரில். முதல் தடவை வாங்குபவருக்கான சலுகை, உலகத்தில் எங்குமே வீடு சொந்தமாக இருந்திராதவருக்குத்தான். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இரண்டு பேருக்கும் பொருந்த வேண்டும். அது மட்டுமல்ல. வேறு வீடு ஒன்று கையில் இருக்கும்போது, அது 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் பெறுமதி என்றால், வாங்குகிற வீட்டின் முழு விலைக்கும் இன்னும் ஐந்து வீதம் கட்ட வேண்டும். தம்பி தன் பேரில் மட்டும் வாங்கினாலும் மனைவியின் வீடு கணக்கில் வரும். வெறும் காணி என்றால் பிரச்சினை இல்லை, அதில் வீடு நிற்பதுதான் பிரச்சினை. கொக்குவில் வீட்டை மதிப்பிட்டால் 40,000-ஐத் தாண்டியது. 7,500 பவுண்டு 35,000 ஆனது.

தம்பி இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. பிறகு வீட்டின் விலையில் கொஞ்சம் பேசிக் குறைத்து, மிச்சத்துக்கு ஒரு வருடம் தள்ளிப்போட நினைத்திருந்த செலவுகளை நிறுத்தி, கட்டினான். தெரியாமல் 7,500 கட்டியிருந்தால், வரித் திணைக்களம் கண்டுபிடிக்கும் நாளில் மீதியோடு வட்டியும் அபராதமும் வந்திருக்கும். படிவத்தைச் சொலிசிட்டர் நிரப்பினாலும் அதில் இருப்பதற்குப் பொறுப்பு வாங்குகிறவர். சீதன வீடு, பெற்றோர் இறந்து பங்காக வந்த வீடு, அண்ணன் தம்பிகளோடு சேர்த்து எழுதின வீடு, இவை நம்மவர்களில் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கேட்டால்தான் சொல்லுவோம், ஏனென்றால் அது நமக்குச் சொத்தாகவே மனதில் படுவதில்லை. அதை வீடாக நினைத்துக் கேட்கத் தெரிந்த ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தம்பி குடிபோய் சில வாரம் கழித்து அம்மா அவனுடைய வீட்டுக்கு வந்தார். பூசை அறையைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், பிறகு கேட்டார், "உறுதி எங்க வைச்சிருக்கிறாய்?"

இங்கே உறுதி கையில் தரமாட்டார்கள், லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பேர் பதிந்திருக்கும், அதுதான் அத்தாட்சி என்று தம்பி சொன்னான். அம்மாவுக்கு அது திருப்தியாக இல்லை. நான் போனில் லேண்ட் ரெஜிஸ்ட்ரி தளத்துக்குப் போய், 7 பவுண்டு கட்டி, பிரதியை எடுத்து அச்சடித்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதியிருந்த இரண்டு பேரின் பேரையும் விரலால் தொட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு, "மற்ற உறுதியோட சேத்து வை" என்று மருமகளிடம் கொடுத்தார்.